ட்ரூஸ் பின்னித் தந்த வேலி

வயிற்றில் ஏழு மாதம். கையில் மீன் வெட்டும் கத்தி. எலுமிச்சை மரத்தடியில் ஈரப் புல்லில் முழங்காலூன்றி, பின்வீட்டுக்காரி மூன்று வார இறுதிகள் முதுகு முறியப் பின்னித் தந்த வேலியை அறுத்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவது விளாறுக் குச்சியை அறுத்து இழுத்தபோது, ஓட்டைக்கு அப்பால் ஒரு சோடி ரப்பர் சப்பாத்துகள் வந்து நின்றன. பச்சை நிறம். ஒன்றின் நுனியில் கோழிச் சிறகு ஒட்டியிருந்தது.

பிறகு ஒரு முகம் குனிந்தது. ட்ரூஸின் முகம்.

அவள் என்ன சொன்னாள், நான் என்ன புளுகினேன் என்பதெல்லாம் கொஞ்சம் பொறுங்கள். முதலில் வேலி வந்த கதையைச் சொல்லியாக வேண்டும். சென்ற வாரம் எங்கள் டண்டினொங் வீட்டுக் குளிரைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "அந்த நாட்களில் குளிரைவிட உங்களை வருத்தியது எது?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். வேலி இல்லாததுதான், தங்கச்சி. குளிருக்காவது கம்பளி இருந்தது.

மறைப்பில்லாத வளவு

எழுபதுகளின் நடுப்பகுதி. என் கணவர் டண்டினொங்கில் ஒரு வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வரைபடம் கீறும் வேலையில் இருந்தார். காலை ஆறரைக்குச் சாப்பாட்டுப் பெட்டியோடு போனால் மாலை ஐந்துக்குத்தான் திரும்புவார். நான் யாழ்ப்பாணத்திலிருந்து கடல் கடந்து வந்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது.

வாடகை வீட்டுக்கு இரண்டு பக்கமும் பலகை வேலி இருந்தது. பின்பக்கத்தில் மட்டும் இடுப்பளவு உயரத்தில் நாலு கம்பி. அந்தக் கம்பிக்கு அப்பால் ட்ரூஸின் வளவு. அவள் வளவைச் சுற்றியும் கம்பிதான் என்பதால் அதற்கப்பால் இன்னும் மூன்று வீட்டுக்காரருக்கும் எங்கள் குசினி வாசலும் உள்ளே அடுப்பும் நன்றாகத் தெரியும். அதேபோல அவர்களுடைய கொடியில் காயும் சகலமும் எனக்குத் தெரியும். எனக்கு அது தேவையில்லை.

எங்கள் ஊரில் வேலி என்றால் வேலி. பின்னிய தென்னோலைக் கிடுகை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நட்டு வேர்பிடித்த கதியால் தடிகளோடு இறுக்கிக் கட்டி, ஆளுயரத்துக்கு மேல் எழுப்பிவிட்டால் உள்ளே இருப்பவள் மகாராணி. தலைமுழுகிவிட்டு முடியை விரித்துப்போட்டுக்கொண்டு நடப்பாள். புருசனை ஏசுவாள், அழுவாள், சிரிப்பாள். வருசத்துக்கு ஒருமுறை வேலியடைப்பு நடக்கும்போதுதான் நாலு பேருக்கு அவள் முற்றம் தெரியும்.

இங்கேயோ, முடியைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தால் தூரத்தில் புல் வெட்டுகிறவர் கையை ஆட்டுவார். நானும் ஆட்டவேண்டும். ஈரத் தலையோடு, பெரிதாகிக்கொண்டு வரும் வயிற்றோடு, முன்பின் தெரியாத மனிதருக்குக் கையை ஆட்டுவது எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. கொஞ்ச நாளில் வெளியே வருவதையே நிறுத்திவிட்டேன். உடுப்புகள் குளியலறையிலேயே தொங்கி, காயாமல் நாறின.

இதில் என் கணவர் ஒருவருக்குத்தான் கவலையில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறும் மேலோடு போய்த் தக்காளிக்குத் தண்ணீர் விடுவார். பத்துப் பாகை குளிரில்!

"இஞ்சேருங்கோ, ஒரு பெனியனாவது போடுங்கோவன். சனம் பாக்குது."

"பாக்கட்டுமன். என்னை இனி ஆர் கொண்டுபோகப் போறான்?"

ட்ரூஸ்

ட்ரூஸுக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். உலகப் போர் முடிந்தபின் ஒல்லாந்திலிருந்து புருசனோடு கப்பலில் வந்தவள். பழங்களை டின்னில் அடைக்கும் ஒரு தொழிற்சாலையில் விடியற்காலை வேலை செய்துவிட்டு நண்பகலுக்குள் வீடு திரும்பிவிடுவாள். அதன்பிறகு கோழி, கிழங்குப் பாத்தி என்று ஓயாமல் ஏதாவது செய்துகொண்டிருப்பாள். பிள்ளைகள் இருவரும் வளர்ந்து வேறு ஊர்களில் வேலைக்குப் போய்விட்டார்கள்.

ஒருநாள் உடுப்புக் கூடையைக் குசினி வாசலில் வைத்துவிட்டு வெளியே வரத் தைரியமில்லாமல் நின்றேன். அவள் கம்பியருகே வந்து, "ஏன் உள்ளேயே நிற்கிறாய்?" என்று கேட்டாள். அவளுடைய ஆங்கிலமும் சரி, என்னுடையதும் சரி, நொண்டி நொண்டித்தான் நடக்கும். அவள் சொன்னதையெல்லாம் இங்கே தமிழில் தருகிறேன்.

"எல்லாரும் பார்க்கிறார்கள்" என்றேன். அவ்வளவுதான் சொல்ல வந்தேன். ஏனோ கண்ணீர் வந்துவிட்டது. மூக்கைச் சிந்திக்கொண்டு, எங்கள் ஊர் வேலியின் உயரத்தைக் கையைத் தூக்கிக் காட்டினேன்.

ட்ரூஸ் என்னையும் பார்த்தாள், என் கையையும் பார்த்தாள். "சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த சனிக்கிழமை காலை ஒரு கூத்தைக் கண்டேன். அவளும் புருசனும் ஒரு பழைய நீலநிற பிராமைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். குழந்தை படுக்கிற இடத்தில் குச்சிகள்! பிராமுக்கு இரண்டு பக்கமும் ஒரு கைநீளத்துக்கு நீட்டிக்கொண்டு, கட்டுக் கட்டாகக் குச்சிகள். மகன்மாரை வைத்துத் தள்ளிய பிராமாம். அன்று முழுக்க ஓடைக்கரைக்கும் வீட்டுக்குமாக ஏழெட்டு முறை போய்வந்தார்கள்.

"இதுகளுக்கு விசர்தான் பிடிச்சிருக்கு" என்று கணவரிடம் சொன்னேன்.

செத்த மரத்தில் பச்சை

ஓடைக்கரை வில்லோ மரங்களை நான் அதற்கு முன்பே பார்த்திருந்தேன். குளிர்காலத்தில் ஓர் இலைகூட இல்லாமல் நின்றதால் எல்லாம் பட்டுப்போன மரங்கள் என்று முடிவுகட்டியிருந்தேன். பனையும் தென்னையும் பார்த்து வளர்ந்தவளுக்கு இலை முழுவதையும் கொட்டிவிட்டு உயிரோடிருக்கிற மரம் எங்கே விளங்கும்? விறகுக்கு உதவும் என்றுதான் நினைத்தேன்.

ட்ரூஸ் ஒரு விளாறை எடுத்து என் முன்னால் வளைத்துக் காட்டினாள். வட்டமாக வளைந்தது, முறியவில்லை. நகத்தால் கீறினாள். உள்ளே இளம் பச்சை. வெள்ளரிப் பிஞ்சை நறுக்கினால் வருவது போன்ற ஒரு மணம், கொஞ்சம் கசப்போடு வந்தது.

கம்பி நின்ற இடத்தில் முழ இடைவெளிக்கு ஒரு காய்ந்த மரத்தடியை அடித்து இறக்கினார்கள். பிறகு அவள் பின்னத் தொடங்கினாள். ஒரு தடிக்கு முன்னால், அடுத்த தடிக்குப் பின்னால். விளாறு முடிகிற இடத்தில் அடுத்ததைச் செருகி, முழங்காலால் ஒரு அமத்து. மஞ்சள், செம்மண் நிறம், எண்ணெய்ப் பச்சை என்று மூன்று நிறத்தில் பட்டை பட்டையாக வேலி எழுந்தது. எங்கள் கிடுகு வேலி மறைப்புக்கு நல்லதே ஒழிய அழகு என்று யாரும் சொன்னதில்லை. இதுவோ திருவிழாப் பாய் மாதிரி இருந்தது.

இந்த இடத்தில் நான் வாயைத் திறந்து மூக்குடைபட்டதையும் சொல்லவேண்டும். "காய்ந்த தடி எதற்கு? பச்சைத் தடியை நட்டால் கதியால் மாதிரி வேர் பிடித்துவிடுமே" என்று என் ஊர்ப் புத்தியைக் காட்டினேன். ட்ரூஸ் சிரித்தாள்.

"வேர் பிடிக்கும். பிறகு உன் கழிவறைக் குழாய்க்குள் போய்க் குடியிருக்கும்."

ஒல்லாந்தர் எங்கள் ஊருக்கு வந்து கோட்டை கட்டியவர்கள். அந்தச் சாதி எனக்காகக் குனிந்து வேலி கட்டுகிறதே என்று என் கணவருக்குப் பெருமையில் பெரிய புளுகம். நான் தேநீர் போட்டுக் கொடுத்தேன். சீனி கூடிப்போச்சு என்று முகத்தைச் சுளித்தாள், ஆனாலும் குடித்தாள். காசு என்ற பேச்சை எடுக்கவே விடவில்லை.

மூன்றாம் ஞாயிறு வேலி முடிந்தது. ஆளுயரம். நான் தலைமுழுகி, முடியை விரித்துப்போட்டு, முற்றத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வெயில் பாதத்தில் பட்டது. அந்த நாட்டுக்கு வந்தபின் அன்றுதான் முதல்முறையாக என் வீட்டில் இருக்கிறேன் என்று தோன்றியது. ட்ரூஸுக்காகக் கடவுளை வேண்டிக்கொண்டேன்.

பொட்டு

சந்தோசம் பத்து நாள்தான் நிலைத்தது.

பிறகு ஒரு மத்தியானம், வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று கவனித்தேன். முன்பெல்லாம் நாளுக்கு நாலுமுறை எரிச்சலோடாவது ட்ரூஸின் தலையைக் கண்டுகொண்டிருந்தேன். இப்போது கோழிச் சத்தம் மட்டும் கேட்டது. எங்களிடம் தொலைபேசி இல்லை, அவளிடம் இருந்தது. அவசரம் என்றால் கம்பியருகே வந்து கூப்பிடு என்று முன்பு அவளே சொல்லியிருந்தாள். அவள் வீட்டு வாசல் மறுதெருவில். சுற்றிப் போவதென்றால் கால்மணி நேர நடை. முன்பக்கத்து வீடுகளில் பகலில் ஒரு குஞ்சு குருமான் இராது. பிள்ளைப்பேறு நெருங்கிக்கொண்டிருந்தது. பகலில் வலி கண்டால் யாரைக் கூப்பிடுவது?

யாழ்ப்பாணத்தில் இதற்கு வழி உண்டு. எவ்வளவு இறுக்கமான வேலியிலும் ஒரு மூலையில் ஆள் குனிந்து நுழையத்தக்க ஓட்டை ஒன்று இருக்கும். அதைப் பொட்டு என்போம். குழம்புச் சட்டி, நெருப்புக் கொள்ளி, ஊர்வம்பு எல்லாம் அதன்வழிதான் போகும். அந்தப் பொட்டை யாரும் கேட்டு வாங்குவதில்லை. ஒரு பக்கத்தார் மெல்ல விலக்குவார்கள். மறுபக்கத்தார் கண்டும் காணாமல் விட்டுவிடுவார்கள். இரண்டு வீட்டுக்கும் பகை வந்தால் யாராவது ஒருவர் அதை அடைப்பார். பொட்டை அடைப்பதென்றால் முகத்தில் அறைந்தமாதிரி. அதற்குப்பின் நன்மை தீமைக்கும் போக்குவரத்து இல்லை.

ஆகவே நானும் முறைப்படி, எலுமிச்சை மர மறைவில் அடியிலிருந்த விளாறுகளை மெல்ல அறுத்து விலக்கி ஒரு பொட்டு வைத்தேன்.

மறுநாள் காலை போய்ப் பார்த்தேன். அடைத்திருந்தது. புது விளாறு வைத்து, இருந்த இடம் தெரியாமல்!

நான் என்ன பிழை செய்தேன்? தேநீரில் சீனி கூடினதற்கா?

"அவவுக்கு உங்கட பொட்டுக் கதையெல்லாம் எங்க தெரியும்?" என்றார் கணவர். "போய்ச் சொல்லுமன், இப்பிடி ஒரு வழி வேணுமெண்டு."

"கேட்டு வாங்கிறதோ பொட்டு? வெக்கமில்லையே? வேலி வேணுமெண்டு அழுததும் நான். இப்ப ஓட்டை வேணுமெண்டு போய் நிக்கிறதும் நானோ?"

"உமக்கு ரோசம் கூடிப்போச்சு."

கூடித்தான் போயிருந்தது. இரண்டாம் முறை அறுத்தேன். இரண்டே நாளில் முன்னதைவிடத் தடித்த விளாறு வைத்து அடைத்திருந்தாள். மூன்றாம் முறைதான் மீன் கத்தி, ரப்பர் சப்பாத்து, கோழிச் சிறகு.

"நீயா?" என்றாள் ட்ரூஸ். "ஏதோ நாய் வந்து பிய்க்கிறது என்று நினைத்தேன். இங்கே என்ன செய்கிறாய்?"

கத்தியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். "நாய்தான்" என்றேன். "நான் சும்மா பார்க்க வந்தேன்."

அவள் என்னை நம்பினாள். கைநிறைய விளாறு எடுத்துவந்து என் கண்முன்னாலேயே ஒவ்வொன்றாகச் செருகினாள். முகம் மறைந்தது, கை மறைந்தது, கடைசியாகச் சப்பாத்தும் மறைந்தது. அப்பாலிருந்து குரல் மட்டும் அன்பாக வந்தது.

"பயப்படாதே. இனி உன்னை யாரும் பார்க்க முடியாது."

நான் குசினிக்குள் போய் நிலத்தில் உட்கார்ந்து அழுதேன். அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை என்று முடிவெடுத்தேன். அடைத்தவள் அவள், இனி நான் எதற்குப் போகவேண்டும்? பச்சையாக இருந்த விளாறுகள் வேலியிலேயே குருத்து விட்டன. விரல்நகம் அளவு இலைகள். இரண்டு வாரத்தில் அவையும் வாடிச் சுருண்டன. ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன், கிட்டப் போகவில்லை.

வேலிக்கு இந்தப் பக்கம்

வைத்தியர் சொன்ன நாளுக்கு இரண்டு வாரம் இருந்தது. மத்தியானச் சோற்றை வடித்துக்கொண்டு நின்றேன். பன்னீர்க்குடம் உடைந்தது. வலி இடுப்பைச் சுற்றிப் பிடித்தது.

முன்வாசலுக்குப் போயிருக்கவேண்டும். தெருவில் யாராவது கார்க்காரனை மறித்திருக்கலாம். ஆனால் கால்கள் பின்வளவுக்குத்தான் போயின. எலுமிச்சை மரத்தடியில் போய் நின்றபிறகுதான், அங்கே பொட்டு இல்லை என்பது ஞாபகம் வந்தது. மூன்று நிறத்தில், ஓர் எறும்பு நுழைய இடமில்லாமல், அவ்வளவு நேர்த்தியாக அடைத்திருந்தது.

விளாறுகளைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. அவளுடைய வேலை அப்படி. அடுத்த வலி வந்தது. ரோசம், வெட்கம் எல்லாம் எங்கே போனதோ தெரியாது.

"ட்ரூஸ்!" என்று கத்தினேன். பதிலில்லை. எங்கோ வானொலி பாடிக்கொண்டிருந்தது. மறுபடி கத்தினேன். ஆங்கிலத்தில் ஒரு சொல்கூட வாயில் வரவில்லை.

"ட்ரூஸ்! பிள்ளை வரப்போகுது! ஓடி வா! ஐயோ, ஆராவது ஓடி வாங்கோ!"

வானொலி நின்றது. ஓடிவரும் சத்தம். நான் சொன்ன தமிழில் அவளுக்கு ஒரு மண்ணும் விளங்கியிராது. என் குரல் விளங்கியிருக்கிறது.

"உட்கார்! ஆம்புலன்சைக் கூப்பிட்டுவிட்டு வருகிறேன்!" என்று கத்திவிட்டு ஓடினாள். நான் மரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் வேலி குலுங்கியது. கிளை நறுக்கும் கவ்வாத்துக் கத்தி ஒன்று விளாறுகளுக்குள்ளால் வெளியே வந்தது. சடசடவென்று முறியும் சத்தம். ஒரு நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலே பொறுக்காதவள், தன் கையால் பின்னியதைக் காலால் உதைத்துப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் சவர்க்கார நுரையோடு ஒரு கை வந்தது. என் கையைப் பிடித்தது. பிறகு தலை வந்தது, தோள் வந்தது. இடுப்பு வரவில்லை. பாதி என் வளவிலும் பாதி அவள் வளவிலுமாக மாட்டிக்கொண்டு, ஒல்லாந்து மொழியில் ஏதோ திட்டினாள். அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. கம்பளிச் சட்டை கிழிய ஒருவழியாக வந்து விழுந்தாள்.

என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வலி விட்ட இடைவெளியில் சொன்னேன்.

"ட்ரூஸ், நாயில்லை. நான்தான் வெட்டினேன். மூன்று முறையும்."

அவள் திரும்பித் தான் பிய்த்த ஓட்டையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஏன்?"

"உன்னிடம் வர."

"நான் பார்ப்பதும் உனக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன்" என்றாள். "அதனால்தான் அவ்வளவு இறுக்கமாகப் பின்னினேன். கேட்டிருக்கலாமே, பெண்ணே."

"எங்கள் ஊரில் கேட்பதில்லை."

"எங்கள் ஊரில் கேட்காமல் எதுவும் கிடைக்காது" என்று சொல்லி, ஈரக் கையால் என் நெற்றியைத் துடைத்துவிட்டாள்.

வாழ்க்கையில் எத்தனையோ பேர் எனக்கு உதவியிருக்கிறார்கள். ஆனால், வேண்டாதவள் என்று தன்னையே எண்ணிக்கொண்டு, அந்த எண்ணத்தோடேயே மூன்று வாரம் எனக்காகக் குனிந்து பின்னியவள் அவள் ஒருத்திதான். இதை எழுதும்போதும் கண் கலங்குகிறது. கலங்கட்டும்.

முப்பத்தொரு நாள்

மகள் அன்று மாலையே பிறந்தாள். ஒரு வாரம் கழித்து வீட்டுக்கு வந்து, முதல் வேலையாகக் குசினி ஜன்னலால் பின்வளவைப் பார்த்தேன்.

பிய்ந்த ஓட்டை அங்கே இல்லை. அடைக்கவும் இல்லை. அந்த இடத்தில், மேலே வளைவு வைத்து, ஓர் ஆள் நிமிர்ந்து போகக்கூடிய வழி இருந்தது. விளிம்பு முழுவதும் புது விளாறைச் சடைபோல முறுக்கிக் கட்டியிருந்தாள். கீழே, சேறு படாமல் ஒரு தட்டைக் கல். அந்த வழி இருந்த அகலத்துக்கு அவளைப்போல இரண்டு பேர் போகலாம்.

"ஏனப்பா இவ்வளவு அகலம்?" என்றேன்.

"புல்லைப் பாருமன்" என்றார் கணவர்.

ஈரப் புல்லில் இரண்டு கோடுகள். வண்டிச் சில்லுத் தடங்கள். அவள் வளவிலிருந்து எங்கள் வளவுக்கும், மறுபடி அங்கேயும், எத்தனையோ முறை உருட்டிப் பார்த்திருக்கிறாள். தடம் முடிகிற இடத்தில், எலுமிச்சை மரத்தடியில், அந்த நீலநிற பிராம் நின்றது. தேய்த்துக் கழுவி, சில்லுக்கு எண்ணெய் போட்டு, உள்ளே ஒரு வெள்ளைக் கம்பளி விரித்திருந்தது. கிட்டப் போய் முகர்ந்தேன். சவர்க்கார வாசத்துக்கு அடியில் இன்னும் வில்லோ மணம் இருந்தது.

பொட்டுக்கு அப்பால் ட்ரூஸ் நின்றாள். தன் வளவை விட்டு ஓர் அடி தாண்டவில்லை. கேட்டுக்கொண்டு வரவேண்டும் என்று நின்றாளோ என்னவோ.

எனக்கு அப்போதே பிள்ளையைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுக்கவேண்டும் போலிருந்தது. ஆனால் எங்கள் வழக்கம் குறுக்கே நின்றது. பிள்ளை பிறந்தால் முப்பத்தொரு நாள் துடக்கு, அதாவது தீட்டு. அது கழியும்வரை தாயும் பிள்ளையும் வீட்டு வளவைத் தாண்டக்கூடாது.

"இஞ்சேருங்கோ, முப்பத்தொண்டு கழியேல்லையே. பிள்ளையைக் கொண்டு வெளியில போகப்படாது."

அவர் என்னையும் பார்த்தார், ட்ரூஸையும் பார்த்தார்.

"ஆர் உம்மை வெளியில போகச் சொன்னது? பொட்டாலதானே போறீர்."

இதற்கு மறுபேச்சு எனக்குத் தெரிந்த எந்தச் சாத்திரத்திலும் இல்லை. மகளைப் பிராமில் கிடத்தி, கம்பளியால் மூடி, தட்டைக் கல்லின்மேல் மெல்ல உருட்டிக்கொண்டு போனேன். ட்ரூஸ் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றாள். சில்லு எதிலும் முட்டவில்லை.